எளிய ஆங்கிலம் யாருக்கு எளிது?

இரண்டு ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று: 'ஹி புட் அப் வித் இட்.' இன்னொன்று: 'ஃபோட்டோசிந்தசிஸ் ரிக்வயர்ஸ் சன்லைட்.'

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறிய ஒரு மாணவியிடம் இரண்டையும் நீட்டுங்கள். இரண்டாவதைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள், ஒளிச்சேர்க்கைக்குச் சூரிய ஒளி வேண்டும் என்று. முதலாவதில்தான் நிற்பாள். ஐந்தே சொற்கள், ஐந்தும் எல்கேஜி சொற்கள். புட் என்றால் வை. அப் என்றால் மேலே. 'அதை மேலே வைத்தான்' என்று அவள் சொன்னால் அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? 'அதைப் பொறுத்துக்கொண்டான்' என்ற பொருள் அந்த ஐந்து சொற்களில் எந்தச் சொல்லிலும் இல்லையே.

இப்போது அதே இரண்டு வாக்கியங்களையும் கணினியிடம் கொடுப்போம். ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் சூத்திரங்களில் பழையதும் பிரபலமானதும் 1948இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் வெளியிட்டது. அதற்கு இரண்டே விஷயங்கள் தெரியும்: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை ஒலியசை. (யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல, ஆங்கிலத்தார் எண்ணும் உயிரொலித் துண்டு.) 206.835 என்ற எண்ணிலிருந்து, சராசரி வாக்கிய நீளத்தை 1.015ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். சொல்லுக்கான சராசரி அசையை 84.6ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். மதிப்பெண் கூடக் கூட எளிது. நூற்றை நெருங்கினால் சின்னப் பிள்ளையும் படிக்கும் என்று கணக்கு.

'ஹி புட் அப் வித் இட்' வாங்குவது 117. 'ஃபோட்டோசிந்தசிஸ் ரிக்வயர்ஸ் சன்லைட்' வாங்குவது மைனஸ் 50.

அந்த மாணவிக்கு விளங்கியது கணினிக்கு மலை. அவளுக்கு விளங்காதது கணினிக்கு மடு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் இணையப் பக்கங்களைச் சிரமமில்லாமல் படிக்க மென்பொருளால் உதவ முடியுமா என்று ஆராய்பவர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்ட சுவர் இதுதான். இந்தத் துறைக்கு உரை எளிமையாக்கம் என்று பெயர்.

ஃப்ளெஷைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி இல்லை! ஆனால் அவர் சூத்திரம் போட்டது அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக. 1975இல் அமெரிக்கக் கடற்படை தன் கையேடுகளுக்காக அதைத் திருத்தி, பள்ளி வகுப்புக் கணக்கில் விடை சொல்லும்படி மாற்றிக்கொண்டது. நீளமான சொல் கடினம், குட்டிச் சொல் எளிது என்ற கணக்கு ஓர் அமெரிக்கப் பையனுக்குச் சரியாகத்தான் வரும். குட்டிச் சொற்களை அவன் அம்மாவிடமிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்துக்கொண்டான், நீளமானவற்றைப் பிறகு பள்ளியில் படித்தான். நமக்கு ஆங்கிலம் வந்த வழி வேறு. நேரே பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. அதனால் 'டெமாக்ரசி', 'ஆக்ஸிடேஷன்', 'ரெவல்யூஷன்' எல்லாம் நமக்குப் பழகிய முகங்கள். சமையலறைக் கரண்டிக்கு ஆங்கிலத்தில் என்ன, கொட்டாவிக்கு என்ன, 'ஷி டுக் ஆஃப்டர் ஹெர் ஆன்ட்' என்றால் அத்தையை என்ன செய்தாள் என்று கேட்டால்தான் முழிக்கிறோம். (அத்தைச் சாயல் அவளுக்கு. அவ்வளவுதான்.)

இதை மனதில் வைத்துக்கொண்டு மென்பொருள் என்னவெல்லாம் செய்து பார்த்தது என்று பார்க்கலாம். தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. பழைய செய்யுளைப் புது வாசகனிடம் கொண்டுசேர்க்க நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பொழிப்புரை எழுதினார்கள்: மூலத்தை எளிய நடையில் திருப்பிச் சொல்வது. பதவுரை எழுதினார்கள்: மூலத்தைத் தொடாமல் சொல்லுக்குச் சொல் பொருள் தருவது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் மலிவு விலையில் கொண்டுவந்த பதிப்புகளில் சந்தி பிரித்து அச்சிட்டார்கள்: சொல் அதேதான், கண்ணுக்குத் தெரியும் விதம் மட்டும் மாறியது. ஆங்கில இணையப் பக்கங்களுக்கு மென்பொருள்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய இந்த மூன்றுதான். பெரும்பாலான உழைப்பும் பெரும்பாலான தொல்லையும் பொழிப்புரையில்.

பொழிப்புரையில் முதல் வேலை, கடினச் சொல்லுக்குப் பதில் எளிய சொல். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! உள்ளே நான்கு படிகள் இருக்கின்றன. எது கடினச் சொல் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மாற்றுச் சொற்களைத் திரட்ட வேண்டும். அந்த இடத்தின் பொருளுக்குப் பொருந்தாதவற்றைத் தள்ள வேண்டும். மிஞ்சியதில் எது எளியது என்று வரிசைப்படுத்த வேண்டும். எங்கே சறுக்கினாலும் வாக்கியம் கோணலாகிவிடும். 'ஸென்டென்ஸ்' என்ற சொல்லையே பாருங்கள். நீதிபதி ஒருவருக்கு ஏழு வருட 'ஸென்டென்ஸ்' கொடுத்தார் என்ற செய்தியில், மூன்றாவது படியைச் சரியாகச் செய்யாத மென்பொருள் அவருக்கு ஏழு வருட வாக்கியத்தைக் கொடுத்துவிடும்.

இந்தப் பாதையில் முன்னோடி என்று சொல்லத்தக்க முயற்சி 1990களின் கடைசியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஷிவான் டெவ்லின், ஜான் டெய்ட் என்ற இருவர் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் மனதில் வைத்தது நம்மைப் போன்றவர்களை அல்ல. பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குன்றிய அஃபேசியா நோயாளிகளை. செய்தித்தாள் செய்தியை அவர்கள் படிக்கும்படி ஆக்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியத்திலிருந்து இணைச்சொற்களை எடுத்தார்கள். அவற்றில் எது அதிகம் புழங்குகிறதோ அதுவே எளிது என்று வைத்துக்கொண்டார்கள்.

எது அதிகம் புழங்குகிறது என்பதற்கு ஆதாரம்? குச்செரா, ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1967இல் வெளியிட்ட எண்ணிக்கை. அவர்கள் எண்ணியது 1961இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து எடுத்த பத்து லட்சம் சொற்களை. அன்றைக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அளவுகோலின் தர்க்கத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். அமெரிக்க அச்சில் 'லாரி' அபூர்வம், 'டிரக்' சாதாரணம். எனவே மென்பொருள் நமக்கு உதவுவதாக நினைத்து 'லாரி'யைத் தூக்கிவிட்டு 'டிரக்'கைப் போடும். லாரி நமக்கு அகராதி பார்க்க வேண்டிய சொல்லா? ஸ்பானியக்காரருக்கும் இதே சங்கடம் வேறு விதத்தில் வரும். 'ஃபெசிலிடேட்' என்ற கனமான சொல் அவருக்கு எளிது, ஏனென்றால் அவர் மொழியிலேயே 'ஃபசிலிடார்' இருக்கிறது. அதை ஆங்கிலேயருக்கு எளிதான வேறு சொல்லாக மாற்றினால் அவருக்குத்தான் சுமை கூடும்.

சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மொழி எளிதாகிவிடும் என்ற நம்பிக்கை கணினிக்கும் முந்தியது. 1930இல் சி. கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலத்தை உருவாக்கினார். அதில் வினைகள் மொத்தமே 18: கம், கோ, கெட், கிவ், புட், டேக், மேக் என்று. உலகமே இதைப் படித்துக்கொள்ளும் என்பது திட்டம். 'என்டர்' வேண்டாம், 'கோ இன்டு' போதும். 'அசென்ட்' வேண்டாம், 'கோ அப்' போதும். படிக்க வேண்டிய சொல் குறைந்தது உண்மை. ஆனால் விட்டுப்போன ஆயிரக்கணக்கான வினைகளின் வேலையை அந்தப் பதினெட்டும் இன், அப், அவுட், ஆஃப் என்ற துக்கடாக்களோடு கூட்டுச் சேர்ந்து செய்ய வேண்டியதாயிற்று. 'புட் அப் வித்' பிரச்சினையை ஒழிப்பதற்குப் பதில் அதையே மொழியின் அச்சாணியாக்கிவிட்டது அந்தத் திட்டம். பட்டியலில் ஒரு சொல்லாக எண்ணப்படும் 'கெட்', வாசகர் தலையில் ஐம்பது சொல்லாக இறங்குகிறது.

இதற்கு நேர் எதிராக யோசித்தவர்கள் விமானக்காரர்கள். எழுத்தாளர்களோ மொழியியலாளர்களோ அல்ல என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். விமானப் பராமரிப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; அவற்றைப் படித்து திருகைத் திருகுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல; தப்பாகப் புரிந்துகொண்டால் விமானம் விழும். 1980களில் ஐரோப்பிய விமானத் துறையில் உருவாகி, இன்று 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று வழங்கும் விதித்தொகுப்பின் முதன்மையான கொள்கை இது: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதியை 'ஃபாலோ' பண்ணு என்று எழுதக்கூடாது, அதற்கு 'ஒபே' இருக்கிறது. 'ஃபால்' என்றால் கீழே விழுவது மட்டும்; அழுத்தம் குறைவதற்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. 'குளோஸ்' என்றால் மூடு. அருகில் என்பதற்கு 'நியர்'. எவ்வளவு குட்டியான சொல் என்று அவர்கள் கேட்கவில்லை, வேறு விதமாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எளிமை என்பதற்கு நான் பார்த்தவற்றில் நமக்கு மிகப் பொருந்துவது இந்த வரையறைதான். துரதிர்ஷ்டவசமாக, திறந்த இணையத்தில் எழுதுகிறவர்களிடம் இந்தச் சட்டத்தைப் போட முடியாது.

சொல்லுக்கு அடுத்து வாக்கியம். நீண்ட வாக்கியத்தைத் துண்டாக்கும் ஆராய்ச்சியில் எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை 1996இல் வந்தது. எழுதியவர்கள் சந்திரசேகர், டோரன், ஸ்ரீநிவாஸ் என்ற மூவர். பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார் சந்திரசேகர். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் முதலில் உதவ நினைத்தது இயந்திரத்துக்கு. நீண்ட வாக்கியத்தை இலக்கணப்படி பகுக்கும் நிரல்களும் மொழிபெயர்க்கும் நிரல்களும் திணறின. வாக்கியத்தை முன்கூட்டியே உடைத்துக் கொடுத்தால் அவை பிழைக்கும். இயந்திரம் திணறும் இடத்தில் மனிதனும் திணறக்கூடும் என்ற எண்ணம் கூடவே வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் முக்கியம். ஓர் ஆங்கில வாக்கியம் பாருங்கள்: 'த மினிஸ்டர் ஹூ ஓபன்ட் த பிரிட்ஜ் தட் கொலாப்ஸ்ட் லாஸ்ட் வீக் ரிசைன்ட்.' தமிழில் எப்படிச் சொல்வோம்? 'போன வாரம் இடிந்து விழுந்த பாலத்தைத் திறந்து வைத்த அமைச்சர் ராஜினாமா செய்தார்.' தமிழில் பெயரெச்சம் முன்னே வருகிறது. பாலம் நம் கண்ணில் படும்போதே இடிந்த பாலமாகத்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அமைச்சர் முதலில் வந்து காத்துக்கொண்டு நிற்கிறார். அவர் பின்னால் பாலம், அதன் பின்னால் இடிவு, கடைசியில் 'ரிசைன்ட்' யாருடையது என்று தேடிக்கொண்டு நாம் வாக்கியத்தின் ஆரம்பத்துக்கே ஓட வேண்டும். வேகமாகப் படிக்கிற ஒருவர் பாலம் ராஜினாமா செய்ததாகக்கூடப் படித்துவிடலாம். இப்படிப்பட்ட 'ஹூ', 'தட்' தொடர்களைக் கண்டுபிடித்துத் தனி வாக்கியமாகக் கழற்றுவதுதான் அந்த மூவர் செய்தது.

கழற்றினால் என்ன வரும்? 'ஓர் அமைச்சர் ஒரு பாலத்தைத் திறந்தார். அது போன வாரம் இடிந்தது. அவர் ராஜினாமா செய்தார்.' குட்டி வாக்கியங்கள்தான். ஆனால் பாலம் இடிந்ததால்தான் ராஜினாமா என்ற தொனி இப்போது ஏறிவிட்டது. மூலத்தில் யார் விலகினார் என்றுதான் இருந்தது, ஏன் விலகினார் என்று இல்லை. இன்னும் இரண்டு ஆண்கள் அந்தப் பத்தியில் இருந்தால் 'அவர்' யார் என்ற குழப்பமும் சேரும். 2003இல் கேம்பிரிட்ஜில் அத்வைத் சித்தார்த்தன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு இதைத்தான் கையில் எடுத்தது: வாக்கியத்தை வெட்டும்போது அறுந்துபோகும் கோவையை எப்படித் திரும்பக் கட்டுவது? வெட்டுவது சுலபமான பாதி. 'ஆனால்', 'அதனால்', 'இருந்தும்' என்று தைப்பதுதான் மற்றப் பாதி.

விதிகளை மனிதர் எழுதிக் கொடுத்த காலம் போய், எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே கற்கும் காலம் வந்தது. கற்க, கடின வாக்கியமும் அதன் எளிய வடிவமும் ஜோடி ஜோடியாக வேண்டும். 2001லிருந்து விக்கிப்பீடியாவுக்கு 'சிம்பிள் இங்கிலீஷ்' என்று ஒரு தனிப் பதிப்பு இருக்கிறது. சாதாரண ஆங்கில விக்கிப்பீடியாவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கிய ஜோடிகளை 2010இல் ஜெர்மனியிலிருந்த ஒரு குழு தொகுத்தது. ஐந்து ஆண்டுகள் துறையே அதில் குடியிருந்தது. 2015இல் வெய் ஷூவும் சகாக்களும் அந்த ஜோடிகளில் மாதிரி எடுத்து உட்கார்ந்து படித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி, எளிமையாக்கமே இல்லை. சில ஜோடிகளில் இரண்டு வாக்கியங்களும் வெவ்வேறு விஷயத்தைப் பேசின. பல ஜோடிகளில் 'எளிய' வாக்கியம் மற்றதைவிட எளிதாகவே இல்லை. கணினி இத்தனை நாள் எதைக் கற்றது என்ற கேள்வியை அந்தக் கட்டுரை நாசூக்காகக் கேட்டது.

மாற்றாக அவர்கள் முன்வைத்தது அமெரிக்காவின் நியூசெலா நிறுவனத்தின் தொகுப்பு. 1,130 செய்திக் கட்டுரைகள், ஒவ்வொன்றையும் தேர்ந்த ஆசிரியர்கள் நான்கு படிநிலைகளில் எளிமையாக்கி எழுதியிருந்தார்கள். தரத்தில் மிக உயர்ந்தது. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது? பள்ளிப் பிள்ளைகளுக்காக. நாற்பது வயதில் விசா விண்ணப்பக் குறிப்பைப் படிக்கிறவர், அறிவில் நாற்பது வயதுக்காரர். ஆங்கிலத்தில் மட்டுமே கொஞ்சம் தடுமாறுகிறவர். அவரையும் ஒன்பது வயது அமெரிக்கப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது இந்தப் பயிற்சி. பிள்ளைக்குச் சட்டச் சொல்லை விளக்க வேண்டும். இவருக்கு அது தெரியும், 'ரன் அவுட்', 'டர்ன் டவுன்' எல்லாம்தான் விளக்க வேண்டும்.

சரி, நம்மையே கேட்டுப் பார்த்தார்களா? கேட்டார்கள், தாமதமாக. 2012இல் நடந்த ஒரு பொதுப் போட்டியில், ஒரே இடத்துக்குப் பொருந்தும் சில சொற்களை எளிமை வரிசைப்படி அடுக்க வேண்டும். சரியான வரிசையை முடிவுசெய்தவர்கள் தாய்மொழியாக இல்லாமல் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுபவர்கள். அதிகம் புழங்கும் சொல்லே எளிது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அரிச்சுவடி முறையை, போட்டிக்கு வந்த கெட்டிக்கார நிரல்களில் ஒன்று மட்டுமே முந்தியது. 2016இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் குஸ்தாவோ பேட்சோல்டும் லூசியா ஸ்பெசியாவும் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத 400 பேரிடம் 9,200 வாக்கியங்களைப் பகிர்ந்து கொடுத்து, பொருள் தெரியாத சொற்களைக் குறிக்கச் சொன்னார்கள். அங்கேயும் ஒரு சொல் கடினமா என்பதற்கு நம்பகமான அடையாளம் அதன் புழக்கம்தான் என்று தெரிந்தது.

அப்படியானால் இவ்வளவு நேரம் நான் லாரி, டிரக் என்று புலம்பியது வீணா? பாதி. சராசரியாகப் பார்த்தால் புழக்கக் கணக்கு வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேர்வு ஒவ்வொரு சொல்லாகத்தான் எண்ணியது. 'புட்' தெரியுமா என்றால் எல்லாரும் தெரியும் என்பார்கள், 'அப்' தெரியுமா என்றாலும் அப்படித்தான். கூட்டுச் சேர்ந்தால்தான் வில்லங்கம். அதோடு, 400 பேரில் ஒருவருக்குக் கடினமானது இன்னொருவருக்குக் கடினமாக இல்லை. தலைக்குத் தலை அளவெடுக்காமல் தைத்த சட்டை, சராசரிக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது.

அளவெடுக்கும் முயற்சிகளும் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் பொழிப்புரையை விட்டுப் பதவுரைப் பக்கம் வந்தவர்கள் என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். மூலத்தைத் தொடவில்லை என்றால் தப்பு செய்ய இடமும் குறைவுதானே. பின்லாந்தில் தம்பேரே பல்கலைக்கழகத்தில் அவுலிக்கி ஹிர்ஸ்கிக்காரி 'ஐடிக்ட்' என்ற கருவியை உருவாக்கினார். படிப்பவரின் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு கேமரா கவனிக்கும். ஒரு சொல்லில் கண் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கினால், கேட்காமலேயே பொருள் தரும். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்லித்தரும் வாத்தியாரைப் போல. ஆனால் கண்ணைக் கண்காணிக்கும் கருவி அன்று மலிவானதல்ல.

தோக்கியோவில் யோ எஹாராவும் சகாக்களும் 2010இல் இதையே மலிவாகச் செய்தார்கள். இணையப் பக்கத்தில் தெரியாத சொல்லைச் சொடுக்கினால் பொருள் வரும் கருவி நாம் எல்லாரும் பார்த்ததுதான். அவர்கள் அந்தச் சொடுக்குகளைச் சேர்த்து வைத்தார்கள். இன்னின்ன சொற்களைச் சொடுக்கியவர் இன்னின்ன சொற்களையும் அறிந்திருக்க மாட்டார் என்று, பலருடைய சொடுக்குகளிலிருந்து கணித்தார்கள். பிறகு புதுப் பக்கத்தைத் திறக்கும்போதே, அந்த ஆளுக்குத் தெரியாதிருக்க வாய்ப்புள்ள சொற்களுக்கு மட்டும் பொருள் தயாராக இருக்கும். கடைக்காரர் உங்கள் முந்தைய கொள்முதலை வைத்து அடுத்தது என்ன வாங்குவீர்கள் என்று ஊகிப்பதைப் போன்ற அதே கணக்கு, நல்ல காரியத்துக்கு.

மூன்றாவது, சந்தி பிரித்து அச்சிடுவதைப் போன்றது. அதே 2010இல் எம்ஐடியிலிருந்து சென்-ஷியாங் யூ, ராபர்ட் மில்லர் இருவரும் சொல்லையும் தொடாமல், பொருளும் தராமல் ஒன்று செய்து பார்த்தார்கள். பத்தியில் வாக்கியங்களைப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டார்கள். அவ்வளவுதான்! மரக்கட்டை அடுக்கி விளையாடும் ஜெங்காவின் பெயரை அந்த அமைப்புக்கு வைத்தார்கள். அதைச் செய்யும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிக்கு ஃப்ராகி என்று பெயர். ஓரளவு ஆங்கிலம் தெரிந்த 30 ஆசியர்களிடம் சோதித்தபோது, புரிதல் கூடியது, படிக்கும் வேகமும் குறையவில்லை.

முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஏன் பலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அமைச்சர் வாக்கியத்தில் நாம் என்ன செய்தோம்? 'ரிசைன்ட்' வந்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பி ஓடினோம். இரண்டாம் மொழியில் படிப்பவர் இப்படி அடிக்கடி திரும்பி ஓடுகிறார். நெருக்கி அடித்த பத்தியில் வாக்கியம் எங்கே தொடங்கியது என்று கண் துழாவ வேண்டும். இடைவெளி இருந்தால் நேரே போய் நிற்கலாம். ஒரு பேருந்து நிலையத்தில் நடைமேடை எண் எழுதி வைப்பதைப் போன்ற உதவி இது. பேருந்து அதேதான், தேடுகிற அலைச்சல் மிச்சம்.

இப்போது சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன. 'ஸென்டென்ஸ்' என்றால் தண்டனையா வாக்கியமா என்று அவை பெரும்பாலும் தடுமாறுவதில்லை, வாக்கியத்தை வெட்டி ஒழுங்காகத் தைக்கவும் தெரிகிறது. முப்பது வருடத் தலைவலிகளில் பல, ஒரு வரிக் கட்டளையில் தீர்ந்துபோயின. மிச்சமிருக்கும் தலைவலி நுட்பமானது. ஒரு மருந்துக் குறிப்பில் 'மே ரெட்யூஸ் த ரிஸ்க்' என்று இருக்கிறது: ஆபத்தைக் குறைக்கக்கூடும். எளிமையாக்கியதில் 'மே' உதிர்ந்துவிட்டால், ஆபத்தைக் குறைக்கும் என்றாகிவிடும். 'அலெஜ்ட்லி' உதிர்ந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியாகிவிடுவார். 'அன்லெஸ்' உதிர்ந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். சுற்றி வளைப்பதாகத் தோன்றும் சொற்களைத்தான் எளிமை முதலில் தின்னும். மூலம் தெரிந்தவருக்கு இது புலப்படும். ஆனால் மூலம் புரியாததால்தானே எளிய வடிவத்தைக் கேட்டோம்?

இன்னொன்று, 'எளிய ஆங்கிலத்தில் சொல்' என்று மட்டும் கேட்டால் இயந்திரம் ஆங்கிலேயருக்கு எளிய ஆங்கிலத்தில்தான் சொல்ல வாய்ப்பு அதிகம். 'டாலரேட்' போய் 'புட் அப் வித்' வந்து உட்காரும், நாம் தொடங்கிய இடத்துக்கே. நான் கேட்கும் விதம் வேறு. பாடப்புத்தகச் சொற்களை அப்படியே விடு. கெட், புட், டேக், டர்ன் போன்ற வினைகளோடு அப், அவுட், ஆஃப் சேர்ந்து வரும் தொடர்களையும் மரபுத்தொடர்களையும் மட்டும் நேரடியான ஒற்றை வினையாக மாற்று. மே, மைட், அன்லெஸ், அலெஜ்ட்லி எதையும் நீக்காதே. வாக்கியத்துக்கு ஒரு வரி, நடுவில் ஒரு வரி இடைவெளி. மாற்றிய இடங்களுக்குப் பக்கத்திலேயே மூலச் சொல்லையும் கொடு.